தொங்கும் பாசிப்பந்தா, தட்டில் வைக்கும் பாசிப்பந்தா? பண்டிகை அலங்காரத்துக்கு எது சரி?

ஜப்பானிய மொழியில் 'கோகே' என்றால் பாசி, 'தாமா' என்றால் உருண்டை. இரண்டும் சேர்ந்து 'கோகேடாமா'. தொட்டியே கிடையாது. வேரைச் சுற்றி மண்ணை உருட்டி, பாசி போர்த்தி, நூலால் கட்டிவிட்டால் செடி தயார்.

அழகில் தொங்கும் உருண்டைக்குத்தான் முதலிடம். ஜன்னலோரம் மூன்றை ஏற்ற இறக்கமாகக் கட்டினால் வேறு தோரணமே வேண்டாம். ஆனால் எல்லாப் பக்கமும் காற்று படுவதால் சீக்கிரம் காய்ந்துவிடும். மேலே பாசி பச்சையாகத் தெரியும்போதே உள்ளே மண் வறண்டிருக்கும். என் முதல் பெரணிச் செடி அப்படித்தான் போனது. இப்போதெல்லாம் நிறத்தை நம்புவதில்லை, கையில் தூக்கிப் பார்க்கிறேன். கனம் குறைந்திருந்தால் வாளித் தண்ணீரில் போட வேண்டியதுதான். காய்ந்த உருண்டை முதலில் மிதக்கும். உள்ளங்கையால் மெல்ல அமுக்கிப் பிடித்தால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். அது நின்றதும் எடுத்து, நன்றாக வடியவிட்டு மாட்டலாம். அவசரப்பட்டால் விருந்தாளி தலையில் சொட்டும்.

தட்டில் வைத்தால் ஈரம் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், பராமரிப்பும் எளிது. தட்டில் தண்ணீர் தேங்கினால் மட்டும் அடிப்பாசி கறுத்து அழுகும். அதற்குக் கூழாங்கல் பரப்பி அதன்மேல் வைத்தால் போதும். நான் பண்டிகை நாட்களில் தொங்கவிட்டு, அப்புறம் தட்டுக்கு இறக்கிவிடுகிறேன். புதிதாகச் செய்பவர்கள் தட்டிலேயே தொடங்குவது நல்லது.

போர்வைக்கு உயிருள்ள பாசிதான் என் தேர்வு. பதப்படுத்திச் சாயமேற்றிய பாசி கடையில் பளிச்சென்று இருக்கும், தண்ணீரில் முக்கினால் சாயம் இறங்கும். முக்கி முக்கியே வளர்க்கும் செடிக்கு அது எப்படிச் சரிவரும்? வீடு வறண்ட காற்றோட்டமுள்ளது என்றால் தேங்காய் நார் சுற்றலாம். பச்சை இருக்காது, ஆனால் வாடவும் வாடாது. காய்ந்த பாசியோ நாரோ, விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

மண்ணுக்கு ஜப்பானில் 'கேதோ' என்ற பிசுபிசுப்பான சதுப்புநில மண்ணையும் 'அகடாமா' என்ற களிமண் குருணையையும் கலப்பார்கள். கேதோ 7 பங்குக்கு அகடாமா 3 பங்கு என்பது பரவலான அளவு. கிடைக்காவிட்டால் களிமண்ணும் தேங்காய் நார்த்தூளும் போதும். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது.

பருத்தி நூல் நாளடைவில் மக்கிவிடும். தட்டில் வைப்பதற்குப் பரவாயில்லை, தொங்குவதற்குத் தூண்டில் நரம்புதான். செடியில் மணி பிளான்ட், பெரணி இரண்டும் நிழலிலேயே பிழைக்கும்.

எதுவானாலும் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே செய்துவிடுங்கள். வேரை உதறி உருட்டியதால் முதல் சில நாட்கள் இலை தொய்ந்து கிடக்கும். வெயில் படாத இடத்தில் விட்டுவைத்தால் மெல்ல நிமிரும். நிமிர்ந்த பிறகு மாட்டுங்கள்.