ஃபிளாரன்ஸிலிருந்து சியெனாவுக்கு: ரயிலா, பேருந்தா?

இத்தாலியின் ஃபிளாரன்ஸில் தங்கிக்கொண்டு, பக்கத்து மலைநகரமான சியெனாவுக்குப் போய்வர நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. சான்டா மரியா நொவெல்லா நிலையத்தில் ரயில் ஏறலாம். அல்லது அந்த நிலையத்தை ஒட்டிய தெருவில் உள்ள பேருந்து நிலையத்துக்கு நடந்து, 131 ஆம் எண் விரைவுப் பேருந்தைப் பிடிக்கலாம். நான் இரண்டிலும் போயிருக்கிறேன். முதல் முறை மார்ச் மாதத்தில், தனியாக, ரயிலில். இரண்டாம் முறை அக்டோபரில், முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துக்கொண்டு, பேருந்தில். இன்று யார் கேட்டாலும் பேருந்தையே சொல்வேன். அதற்கான காரணம் வேகமும் அல்ல, காசும் அல்ல.

கட்டணத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே பத்து யூரோவை ஒட்டித்தான் வருகின்றன. நேரத்தில் பேருந்து சற்று முந்துகிறது. நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் அது போய்ச் சேர்கிறது. ரயிலுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ரயில் முதலில் மேற்கே எம்பொலி வரை போய், அங்கிருந்து தெற்கே திரும்பி, பொஜ்ஜிபோன்ஸி வழியாகச் சுற்றி வருவதே இதற்குக் காரணம். எல்லா ரயில்களும் நேராகச் சியெனா வரை போவதில்லை. பலவற்றில் எம்பொலியில் இறங்கி மாறவேண்டும்.

தீர்மானிக்க வேண்டியது, இறங்கிய பிறகு எங்கே நிற்கிறோம் என்பதை வைத்துத்தான். சியெனா கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேலான உயரத்தில், மூன்று மலைமுகடுகள் ஒன்றுசேரும் இடத்தில் எழுந்த நகரம். அந்த முகடுகள் கூடும் இடத்தில்தான் சிப்பி வடிவில் சரிந்து கிடக்கும் பியாட்ஸா டெல் காம்போ சதுக்கம் இருக்கிறது. ரயில் பாதை மலையுச்சிக்கு ஏற முடியாது என்பதால், நிலையம் நகரத்தின் வடக்கே பள்ளத்தாக்கில், பழைய மதிலுக்கு வெளியே அமைந்திருக்கிறது. சதுக்கத்திலிருந்து அது சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம். சமவெளியில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டல்ல. சியெனாவில் அது ஏற்றம்.

நிலையத்துக்கு வெளியே வந்து சாலையைக் கடந்தால் எதிரே ஒரு வணிக வளாகம். அதன் உள்ளிருந்து நகரும் படிக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறுகின்றன. ஒன்று முடிந்தால் சில அடி நடை, பிறகு அடுத்தது, மீண்டும் ஒரு திருப்பம், மீண்டும் ஒன்று. முதல் முறை நான் ஒவ்வொரு படிக்கட்டின் முடிவிலும் இதுதான் கடைசி என்று நினைத்துப் பெட்டியின் கைப்பிடியை நீட்டி, மறுபடியும் மடக்கினேன். பத்து நிமிடத்தில் மேலே வந்தாயிற்று என்றாலும் நகரத்துக்குள் வந்தாயிற்று என்று பொருளல்ல. அங்கிருந்து போர்த்தா கமோல்லியா வாசலுக்குப் போய், அதற்குள் நுழைந்து, கல் பாவிய நீண்ட தெருவில் இன்னும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல் நடக்கவேண்டும். சக்கரப் பெட்டி அந்தக் கற்களின் மேல் எழுப்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலையத்திலிருந்து நகரப் பேருந்தும் உண்டு. ஆனால் அதற்கு வேறு சீட்டு, வேறு காத்திருப்பு, மூன்றாவது ஏறுதல், மூன்றாவது இறங்குதல்.

ஃபிளாரன்ஸ் பேருந்து இந்தச் சிக்கலை முழுவதுமாகத் தவிர்த்துவிடுகிறது. மலையேற்றத்தை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பியாட்ஸா கிராம்ஷிக்குப் பக்கத்தில், முகட்டின் மேலேயே நம்மை இறக்கிவிடுகிறது. கதவு திறந்ததும் அம்மா கைப்பிடியைப் பற்றி மெல்ல இறங்கி, நிமிர்ந்து பார்த்து, "இன்னும் ஏறணுமாப்பா?" என்று கேட்டார், ஏறவேண்டியதில்லை என்று உண்மையாகவே சொல்ல முடிந்தது. அங்கிருந்து பியாட்ஸா மத்தேயோத்தியைக் கடந்து வியா பியானிஜானி வழியாக முதன்மைத் தெருவை அடைந்தால், பெரும்பாலும் சமதளமும் மெல்லிய இறக்கமுமாகப் பத்து நிமிடத்தில் காம்போ சதுக்கத்தின் விளிம்புக்கு வந்துவிடலாம். அம்மாவின் நடைக்கு அது இருபது நிமிடம் ஆனது. வழியில், 1472 இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் வங்கியின் கட்டடம் நிற்கும் சாலிம்பேனி சதுக்கத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டோம். வியா பியானிஜானி என்ற பெயரையும் சொல்லியாக வேண்டும்: 1849 இல் எம்பொலியிலிருந்து சியெனாவுக்கு ரயில் பாதை அமைத்த பொறியாளர் ஜுசெப்பே பியானிஜானியின் பெயரைத் தாங்கிய தெரு அது.

ரயிலுக்குரிய பெருமையை மறைக்க நான் விரும்பவில்லை. போக்குவரத்து நெரிசல் அதைத் தொடுவதில்லை. பேருந்தோ, ஃபிளாரன்ஸைவிட்டு வெளியேறும் சாலைகளில் மாலை நேரத்தில் ஊர்ந்துதான் போகும். ரயிலில் எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, வளைந்த சாலையில் குமட்டல் வருபவர்களுக்கு அதுவே நல்லது. பழைய இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் ஊரான செர்டால்தோவின் குன்றை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தது அந்தப் பயணத்தின் நல்ல நிமிடங்களில் ஒன்று. சிறு பையோடு தனியாகப் போகும் இளையவர்களுக்கு, நான் மேலே விவரித்த ஏற்றம் ஒரு காரணமே ஆகாது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடைப் பக்கமுள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து முத்திரை பெறவேண்டும், இல்லாவிட்டால் பணம் கொடுத்து வாங்கிய சீட்டுக்கே அபராதம் கட்ட நேரிடும்.

பேருந்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. 131 இல் விரைவு, சாதாரணம் என்று இரண்டு வகை; சாதாரண வண்டி வழியில் உள்ள ஊர்களுக்குள் எல்லாம் புகுந்து வருவதால் நேரம் கூடும். ஏறுவதற்கு முன் விரைவு என்று பொருள்படும் "ராப்பிதா" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கைக்கு முன்பதிவு கிடையாது. முந்தி வந்தவருக்கே இடம். நாங்கள் புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வரிசையில் நின்றதால் முன் இருக்கை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. என் இரண்டு பயணங்களும் கூட்டம் குறைந்த மாதங்களில், வார நாட்களில் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலியோ குதிரைப் பந்தயம் நடக்கும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நகரத்துக்குள் போக்குவரத்து என்பது பெரும்பாலும் நம் கால்கள்தாம். 1960களிலேயே மையப் பகுதியை மோட்டார் வாகனங்களுக்கு மூடிய நகரம் இது. ஆனாலும் நடக்க இயலாதவர்களுக்கு "பொல்லிசீனோ" என்று அழைக்கப்படும் சிறு பேருந்துகள் மதிலுக்குள் குறுகிய தெருக்களில் ஓடுகின்றன. சுவரோடு ஒதுங்கி நின்றால்தான் அவை நம்மைக் கடந்து போக முடியும். பள்ளத்தில் உள்ள ஃபோன்தெபிராண்டா ஊற்றுப் பக்கமிருந்து கதீட்ரல் இருக்கும் மேட்டுக்கும், சான் பிரான்செஸ்கோ ஆலயத்தின் பக்கமும் நகரும் படிக்கட்டுகள் இருக்கின்றன. முதியவர்களோடு போகிறவர்கள் காலையில் இவற்றின் இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, பார்க்கவேண்டிய இடங்களின் வரிசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது நல்லது.

கால் வலி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது வேறொரு ஏற்பாடு: போகும்போது பேருந்து, திரும்பும்போது ரயில். மாலையில் எல்லாம் இறக்கமாகிவிடுகிறது. கமோல்லியா தெருவோடு நடந்து வாசலைத் தாண்டினால், நகரும் படிக்கட்டுகள் நேராக நிலையத்தில் கொண்டுவிடும். வாசலைத் தாண்டியதும் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். இந்த வாசலைவிட அகலமாகச் சியெனா தன் இதயத்தை உனக்குத் திறக்கிறது என்ற பொருள் தரும் லத்தீன் வரி அதன் வெளிப்புறத்தில், வருபவர்களை நோக்கிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளிருந்து வெளியே போகிறவர்களின் கண்ணில் அது தானாகப் படாது.