மாத்திரை போட்டு இழுக்கும் இன்ஹேலர்: எட்டு மாத அனுபவம்

பல்லடம் பக்கத்தில் 22 வருடமாகத் தறி ஓட்டுகிறேன். பஞ்சுத் தூசி நிரந்தரமாகக் குடியிருக்கும் குடோன். ஆறு வருடமாக இழுப்பு. அழுத்தினால் 'புஸ்' என்று அடிக்கும் பஃப்தான் இத்தனை நாள் துணை. போன கார்த்திகையில் டாக்டர் கேப்சூல் போட்டு இழுக்கும் பொடி இன்ஹேலருக்கு மாற்றிவிட்டார்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் குழல், அவ்வளவுதான். சதுர ஓட்டையில் கேப்சூலைச் செருகி அடிப்பாகத்தைத் திருகினால் 'டக்'கென்று இரண்டாகப் பிரியும். மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து, ஒரே மூச்சில் வேகமாக இழுக்க வேண்டும். உள்ளே கேப்சூல் கடகடவென்று ஆடும். நாக்கில் லேசாக இனிக்கும், அது மருந்தோடு கலந்திருக்கும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடித்துவிட்டு, அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும்.

முதல் வாரம் மருந்து கேட்கவே இல்லை. டாக்டரிடம் போனபோது கருவியைப் பிரித்துக் காட்டினார். பாதிப் பொடி உள்ளேயே அப்பியிருந்தது. "இளநீர் உறிஞ்சற மாதிரி இழுக்காதீங்க, வேகமா இழுங்க" என்றார். அன்றிலிருந்து ராத்திரி எழுந்து உட்காருவது நின்றது.

என் மகள் பார்மசி படிக்கிறாள். அலமாரியில் கிடந்த பழைய பஃப் டப்பாக்களில் ஒன்றை எடுத்து அழுத்தினாள். காலி என்று நான் ஒதுக்கியது இன்னும் சீறியது. "அப்பா, இதுக்குள்ள மருந்தைத் தள்றது கார் ஏசியில ஓடுற அதே 134ஏ வாயுங்க. 100 வருசக் கணக்குல கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்கு மேல பூமியைச் சூடாக்கும்" என்றாள். இங்கிலாந்து அரசு மருத்துவத் துறையின் கரிம வெளியீட்டில் இன்ஹேலர் மட்டுமே சுமார் 3 சதவீதமாம். நேரடி வெளியீட்டை 2040-க்குள் நிகரச் சுழியமாக்க (வெளியிடுவதும் அகற்றுவதும் சமமாகி, மிச்சம் பூஜ்யமாக) இலக்கு வைத்திருக்கும் அவர்கள், முடிந்தவர்களைப் பொடி இன்ஹேலருக்கு மாற்றி வருகிறார்கள். பொடியில் இந்த வாயுவே கிடையாது. நம் மூச்சு இழுப்பதுதான் விசை.

சித்திரை வெயிலில் கூரைத் தகடு கொதிக்கும்போது எனக்கு இழுப்பு கூடும். கரண்ட் போனால், மருந்தை ஆவி போலாக்கித் தரும் நெபுலைசர் மெஷின் நின்றுவிடும். இதற்குக் கரண்டே வேண்டாம். வருசா வருசம் வெயில் ஏறுகிற ஊரில் இது பெரிய தெம்பு.

குறை ஈரம்தான். கார்த்திகை மழையில் நாலு கேப்சூலை உதிரியாகச் சட்டைப் பையில் போட்டேன்; பிசுபிசுத்து, திருகும்போது நசுங்கிவிட்டன. அட்டையிலிருந்து அந்தந்த வேளைக்கு மட்டும் எடுங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்து வராது. என் அம்மாவுக்கு இழுக்கத் தெம்பில்லை. ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைத்து மெதுவாக இழுக்க உதவும் குழாய்) வைத்த பஃப்தான் அவருக்குச் சரி. சின்னக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். அவசரத்துக்கு நானும் ஒரு பஃப் வைத்திருக்கிறேன். டாக்டரைக் கேட்காமல் மாறாதீர்கள். எந்த ஆஸ்பத்திரியில் கொடுத்தாலும், அங்கேயே ஒருமுறை இழுத்துக் காட்டிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நிமிடம் கிடைக்காமல்தான் எங்கள் குடோனில் மூன்று பேர் இதைத் தூக்கிப் போட்டார்கள். இப்போது ஷிப்டு மாறும் நேரத்தில் அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருவர் நன்றாக இழுக்கப் பழகிவிட்டார்.