தேக்கு என்று சொல்லி மாமரக் கட்டில்: சேலத்தில் மரச்சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் குறைந்த விலையில் கட்டில், பீரோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது 17,500 ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி தனி.

போன ஆடி மாதம் என் மாமியாருக்கு முழங்கால் அறுவை நடந்தது. இனிமேல் தரையில் படுக்கக் கூடாது, கீழே உட்கார்ந்து எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாதகாப்பட்டியில் எங்களுடையது வாடகை வீடு. அதுவரை எல்லோருக்கும் பாய்தான். என் கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறார். வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும், கூலியும் குறையும். மகளிர் குழுவில் 25,000 கடன் வாங்கினேன். அதற்குள் ஒரு கட்டிலும் துணி வைக்க ஒரு பீரோவும் வாங்கியாக வேண்டும்.

இரண்டு நாள் அலைந்தோம். தேக்குக் கட்டில் என்றாலே நம் கைக்கு எட்டாத விலை. அப்போதுதான் பைபாஸ் பக்கம் ஒரு கடையில் 'ஆடித் தள்ளுபடி, தேக்குக் கட்டில்' என்று பேனர் பார்த்தோம். உள்ளே முன்வரிசையில் மெத்தை, தலையணையோடு ஒரு கட்டில். கையை வைத்துப் பார்த்தேன், வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. தலைமாட்டுப் பலகையின் இடது ஓரத்தில் ஒரு கணு, புளியங்கொட்டை அளவில் கருப்பாக. என் மகள் அதன் மேல் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு படம் இவ்வளவு உதவும் என்று அன்றைக்குத் தெரியாது.

"நம்புங்கக்கா, ஒரிஜினல் தேக்கு. அஞ்சு வருஷத்துக்கு நான் பொறுப்பு" என்றார் கடைக்காரர். 2,000 ஜிபேயில் போட்டோம். மீதி பணமாகத் தந்தால் ஜிஎஸ்டி இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்றார். எங்களுக்கு மிச்சம் செய்து கொடுக்கிறார் என்றுதான் நினைத்தோம். கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. 'கட்டில் 1, 17,500' என்று பேனாவில் எழுதி, கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருந்தது. தேக்கு என்ற சொல்லே அதில் இல்லை. ஐந்து வருஷப் பேச்சும் இல்லை.

மறுநாள் இருட்டிய பிறகு குட்டியானையில் கட்டில் வந்து இறங்கியது. கழற்றித்தான் கொண்டுவந்தார்கள், வந்த பையன்களே பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தை அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள். அதைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்த சமயம். ஒரு நாள் காலையில் பெருக்கும்போது கட்டிலின் கீழே, கால்மாட்டுப் பக்கம், சலித்த அரிசி மாவு போல ஒரு சிறு குவியல். கோலமாவு கொட்டியிருக்கிறது என்று நினைத்துப் பெருக்கித் தள்ளினேன். மறுநாள் அதே இடத்தில் அதே குவியல். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், முகப் பவுடர் போல அவ்வளவு நைஸாக இருந்தது. டார்ச் அடித்து அடியில் பார்த்தால், சட்டத்தில் குண்டூசி நுனி அளவில் வரிசையாக ஓட்டைகள். விரலால் தட்டினால் ஒவ்வொன்றிலிருந்தும் மாவு உதிர்ந்தது. பத்து நாளில் ஒரு குறுக்குச் சட்டம் நடுவில் விட்டுப்போனது. நல்லவேளை, அத்தை அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவில் இருக்கிற ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அடிப்பக்கம் உளியால் லேசாகச் சுரண்டினார். மேலே காப்பி நிறம், உள்ளே வெளுத்த மரம். "இது மாமரம்மா. காய்க்காத பழைய மரத்தை வெட்டி, ஈரம் காயறதுக்குள்ள இழைச்சு, கலர் ஏத்தி பாலிஷ் போட்டிருக்கான். மருந்து ஏத்தாத மாமரத்துல வண்டு விழாம இருக்குமா?" என்றார். மாமரத்தில் கட்டில் செய்வது தப்பில்லையாம். நன்றாகக் காயவைத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துச் செய்தால் பல வருஷம் உழைக்குமாம். மாமரம் என்றே சொல்லி, அதற்குத் தகுந்த விலைக்குக் கொடுத்திருந்தால் நாங்களே வாங்கியிருப்போம். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தப் பொய்யால்தான்.

அன்று இரவு மகள் தன் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். கடையில் அவள் தோளுக்குப் பக்கத்தில் அந்தக் கணு தெளிவாகத் தெரிகிறது. எங்கள் வீட்டுக் கட்டிலில் தலைமாட்டுப் பலகை முழுக்கத் தேடினோம், கணு எங்கேயும் இல்லை. காட்டியது ஒன்று, அனுப்பியது வேறு.

கடைக்குப் போய்க் கேட்டோம். "மழைக்காலத்துல அப்படித்தான்க்கா இருக்கும், மண்ணெண்ணெய் தடவுங்க" என்றார். படத்தைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது. "பில் இருக்கா? சீட்டுல தேக்குன்னு போட்டிருக்கா?"

அப்புறம்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதும் அதற்குப் பிறகுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். தரத்தையோ வகையையோ பொய்யாகச் சொல்லி விற்பதும் அப்படித்தான். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று கடை சொல்ல முடியாது. சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம், பதில் வரவில்லை. இப்போது மனு கொடுத்திருக்கிறோம். கையில் உள்ள ஆதாரம் 2,000 ரூபாய் ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, மகள் எடுத்த படம். அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கப் போனால் மேலே இருக்கிற பாலிஷைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டிலைச் சாய்க்கச் சொல்லி, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேக்கின் வெட்டு முனையில் வளைய வரிகள் தெளிவாகத் தெரியும், தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். தேக்கே என்றாலும் வெள்ளைப் பகுதி வேண்டாம், அதிலும் வண்டு விழும் என்று ஆசாரி சொன்னார். வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்துக் கேளுங்கள். முடிந்தால் 300, 400 கொடுத்தாவது ஒரு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போங்கள். எடுத்த கட்டிலின் அடியில் சாக்பீஸால் உங்கள் கையெழுத்தைப் போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி பகலில் வரட்டும். கையெழுத்தைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மரத்தின் பெயரை பில்லில் எழுத மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், அங்கே நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

அத்தை இப்போது இரும்புக் கட்டிலில் படுக்கிறார்கள். பழைய சாமான் கடையில் 4,200க்கு எடுத்தது. பெயின்ட் உரிந்திருந்தாலும் அசையாமல் நிற்கிறது. பீரோ வாங்கவே முடியவில்லை. குழுக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.

போன வாரம் பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், சிக்னலில் வண்டி நின்றது. முன்வரிசையில் அதே கட்டில், அதே தலையணை, இடது ஓரத்தில் அதே கணு. ஒரு வயதான அம்மா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி ஓடலாம் என்று எழுந்தேன், அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.