ஜாப் டிஎஸ்எல் ஸ்கிரிப்டைச் சோதிக்க எது நல்லது: சீட் ஜாப், தனி ஜார், கிரேடில்?

மென்பொருள் பில்டுகளைத் தானாக ஓட்டும் சர்வரான ஜென்கின்ஸில், ஜாப்களைத் திரையில் கிளிக் செய்து உருவாக்காமல், ஜாப் டிஎஸ்எல் பிளக்இன் வழியாகக் குரூவி மொழியில் எழுதி வைப்பவர்களுக்கு ஒரு கேள்வி வந்தே தீரும். எழுதியது சரிதானா என்று மெர்ஜ் ஆவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? எங்கள் குழு பில்ட் கருவியான கிரேடிலில் டெஸ்ட் எழுதும் வழியைத் தேர்ந்தெடுத்தது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சீட் ஜாபை, அதாவது ஸ்கிரிப்டைப் படித்து மற்ற ஜாப்களை உருவாக்கும் ஜாபை, ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. தனியாக ஒரு சோதனை சர்வர் இருந்தால் பரவாயில்லை. நிஜ சர்வரில் செய்வது ஆபத்து. நீக்கப்பட்ட ஜாப்களை என்ன செய்வது என்ற அமைப்பு ‘டிலீட்’ என்று இருந்து, அரைகுறை ஸ்கிரிப்டில் ஒரு ஜாப் விட்டுப்போனால், அந்த ஜாபோடு அதன் பில்ட் வரலாறும் போய்விடும்.

ஜாப் டிஎஸ்எல்லின் கோர் ஜாரைத் தனியாக ஓட்டுவது அடுத்த வழி. ஜென்கின்ஸே தேவையில்லை, கட்டளை வரியில் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் ஜாபின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் வந்துவிடும், வேகமாகவும் வரும். ஆனால் சர்வரில் நிறுவிய பிளக்இன்களிலிருந்து தானாக உருவாகும் டிஎஸ்எல் சொற்கள் எதுவும் அந்த ஜாருக்குத் தெரியாது. ஸ்கிரிப்டில் அவை நிறைய இருந்தால், சரியான வரியையே பிழை என்று சொல்லும்.

இனி கிரேடில். குரூவி பிளக்இன்னைச் சேர்த்தாலே ஸ்கிரிப்ட்கள் கம்பைல் ஆகும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. குரூவி டைனமிக் மொழி. ‘ட்ரிகர்ஸ்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கம்பைலர் வாய் திறக்காது, ஓடும்போதுதான் தெரியும். அதனால் குரூவிக்கான டெஸ்ட் கருவியான ஸ்பாக்கில் ஒரு டெஸ்ட் எழுதி, ஜென்கின்ஸின் டெஸ்ட் உதவிக் கிளாஸான ஜென்கின்ஸ்ரூலைக் கொண்டு, டெஸ்ட் ஓடும் ஜேவிஎம்முக்குள்ளேயே (ஜாவா இயந்திரம்) ஒரு தற்காலிக ஜென்கின்ஸை எழுப்பி, ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் அதில் ஓட்ட வேண்டும். டெஸ்டுக்கு டெஸ்ட் புதிதாக எழுப்பினால் பொறுமை போய்விடும். கிளாஸ் முழுதுக்கும் ஒன்றைப் பகிர்ந்துகொள்வது நல்லது. உருவான எக்ஸ்எம்எல்லை பில்ட் கோப்புறையில் எழுதி வைத்தால், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் டிஃப் எடுத்து ரிவ்யூவில் காட்டலாம். எனக்கு இந்த டிஃப் மிகவும் பிடித்துப்போனது.

இந்த வழியை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதை ஒரே விஷயம்தான் முடிவு செய்யும்: பராமரிப்பு. டெஸ்டுக்குள் எழும் ஜென்கின்ஸில் உங்கள் சர்வரில் உள்ள அதே பிளக்இன்கள், அதே பதிப்புகளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் டெஸ்ட் பச்சை காட்டும், சீட் ஜாப் சிவப்பு காட்டும். சர்வரை டாக்கர் இமேஜாகக் கட்டுபவர்களிடம் பெயரும் பதிப்பும் அடங்கிய பட்டியல் ஏற்கனவே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் இருக்கும். அதையே கிரேடிலும் படிக்கட்டும், இரண்டு பட்டியல் வேண்டாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பிளக்இன் பெயர் தெரிந்தால் போதாது, கிரேடில் அதைத் தேடி இறக்க அதன் குரூப் ஐடியும் (எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்ற அடையாளம்) வேண்டும். அதுவோ பிளக்இன்னுக்குப் பிளக்இன் மாறும். வொர்க்ஃப்ளோ குடும்பத்துக்கு ஒன்று, புதிதாக வந்தவை பலவற்றுக்கு இன்னொன்று. பெயரிலிருந்து குரூப்பைத் தேடித் தரும் சின்ன மேப் ஒன்றை எழுதி வைக்கத்தான் வேண்டும், புதிய பிளக்இன் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி கூடும்.

ஜாவா பதிப்பையும் மறந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் வந்த 2.479.1 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வந்தபோது ஜென்கின்ஸுக்குக் குறைந்தது ஜாவா 17 கட்டாயமானது. கோர் பதிப்பை உயர்த்தும் நாளிலேயே டெஸ்ட் ஓடும் ஜேடிகேயையும் (ஜாவா கருவித்தொகுப்பு) உயர்த்திவிட வேண்டும்.

இவ்வளவு வேலையும் தகுமா? நாலைந்து ஜாப்கள்தான் என்றால் தகாது. சோதனை சர்வரில் ஒரு சீட் ஜாப் போதும். ஜாப்கள் பெருகி, பல குழுக்கள் ஒரே ரெப்போவில் கை வைக்கும் இடத்தில் கிரேடில்தான் என் தேர்வு.

பைப்லைன் படிகளை ரெப்போவிலேயே எழுதி வைக்கும் ஜென்கின்ஸ்ஃபைல் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. அந்தக் கோப்பைச் சரிபார்க்கும் டிக்லரேட்டிவ் லின்டரைப் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் ஒன்று வேண்டும், அமைப்புப் பிழைகளைத்தான் அது பிடிக்கும். பைப்லைன் ஸ்டெப்களைப் போலியாக வைத்துச் சோதிக்கும் ஜென்கின்ஸ் பைப்லைன் யூனிட்டை மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன், அதனால் அதை இந்த வரிசையில் வைக்கவில்லை.