இன்சுலின் செல்களைக் காக்க: பாரிசிட்டினிபா, வெராபமிலா?

முதல் வகை நீரிழிவு என்று தெரியவரும்போது பெரியவர்கள் பலருக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சம் நீடித்தால் சர்க்கரை கட்டுக்குள் நிற்பது சுலபம். அதற்காக இன்சுலினை நிறுத்திவிட முடியாது. மிச்சத்தை அளக்க, திரவ உணவு குடிக்கவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பலமுறை ரத்தம் எடுத்து, இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடு எவ்வளவு என்று பார்ப்பார்கள்.

பாரிசிட்டினிப் முடக்குவாதத்துக்குத் தரும் மாத்திரை. பீட்டா செல்களைத் தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களை அடக்குகிறது. ஆஸ்திரேலியாவில் 10 முதல் 30 வயதுள்ள 91 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. தினம் 4 மி.கி., 48 வாரம். போலி மாத்திரை எடுத்தவர்களைவிட பாரிசிட்டினிப் எடுத்தவர்களுக்குச் சி-பெப்டைடு நன்றாகவே நின்றது. ஆனால் தொற்று, அக்கி, அபூர்வமாக ரத்த உறைவு என்ற பயம் உண்டு.

வெராபமில் பழைய ரத்த அழுத்த மருந்து, விலையும் குறைவு. நோயெதிர்ப்புச் செல்களின் தாக்குதலை நேரடியாகத் தடுக்காமல், பீட்டா செல்லைச் சாகடிக்கும் ஒரு புரதத்தைக் குறைத்து, அந்தச் செல்லைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது. 2018-இல் வந்த ஆய்வு பெரியவர்களிடமே நடந்தது, பலனும் தெரிந்தது. சரி, ஆனால் மிகச் சிறிய ஆய்வு. மலச்சிக்கல் வரலாம், இதயத் துடிப்பு மெதுவாகலாம், அதனால் ஈசிஜி அவசியம்.

சான்றின் பலத்தைப் பார்த்தால் என் மனம் பாரிசிட்டினிப் பக்கம்தான் சாய்கிறது. தொற்று அடிக்கடி வருபவருக்கு மட்டும் தயங்குவேன். இரண்டையுமே மருத்துவர் மேற்பார்வையில்தான் யோசிக்க வேண்டும், அதுவும் சீக்கிரம்: பாரிசிட்டினிப் ஆய்வில் நோய் தெரிந்து 100 நாளுக்குள் வந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள்.