மீன் அறை மூடிக்கு நியோபிரீன் பட்டி: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாள் படகுகளின் மீன் அறை மூடிக்கு எந்த றப்பர் நல்லது என்று திரும்பவும் கேட்கிறார்கள். நியோபிரீன் என்னும் செயற்கை றப்பர்தான். ஆனால் அதன் ஒரு குணம் பெரிய கரைச்சல்: நாள்கணக்கில் அமுங்கிக் கிடந்தால் முழுதாக எழும்பாது.

நல்லதை முதலில் சொல்லவேண்டும். திருகோணமலை வெயிலில் சாதாரண றப்பர் பட்டி, இழுபட்டு வளையும் மூலைகளில் குறுக்கே வெடிக்கும். காற்றிலுள்ள ஓசோன் செய்யும் வேலை அது. நியோபிரீனின் மூலக்கூறில் குளோரின் இருப்பதால் அது இதை நன்றாகத் தாங்கும். உப்புத்தண்ணீர் ஒன்றும் செய்யாது. இரண்டு வருடத்துக்குப் பிறகும் மேற்பரப்பில் ஒரு வெடிப்பு இல்லை.

அமுங்குவதுதான் வில்லங்கம். மூடிக்குப் போடுவது 12 மி.மீ. நுரைப்பட்டி. அதை 8 அல்லது 9 மி.மீ. வரை அமுக்கினால் போதும், தண்ணீர் நிற்கும். ஆனால் ஒழுகினால் கிளிப்பை இன்னும் இறுக்குவதுதான் வழக்கம். இறுக்க இறுக்கப் பட்டி தட்டையாகிறது, பிறகு இறுக்கவே இடமில்லை. அதனால் கிளிப்புகளுக்குப் பக்கத்தில் 8 மி.மீ. கட்டைத் துண்டுகளை ஒட்டிவிடுங்கள், மூடி அதற்குமேல் இறங்காது. படகு கரையில் நிற்கும் நாட்களில் கிளிப்பைத் தளர்த்தி வையுங்கள். ஐஸ் ஏற்றி நாள் போகப்போகப் பட்டி கொஞ்சம் விறைக்கும். சூடானதும் இளகிவிடும், அதற்காக மாற்றவேண்டாம்.

ஒட்டும்போது படகின் பைபர் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் போகத் துடைத்து, பசையை இரண்டு பக்கமும் பூசுங்கள். விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் அழுத்தவேண்டும். பட்டியின் இரு முனையையும் சரிவாக வெட்டிப் பொருத்துங்கள். பொருத்து மூலையில் வரக்கூடாது, பெரும்பாலும் ஒழுக்கு அங்கேதான் தொடங்கும்.

கடல்தண்ணீர்க் குழாய்களைப் போல்ட்டால் பூட்டும் இடங்களுக்கு நுரை வேண்டாம். றப்பரின் கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 60 உள்ள 3 மி.மீ. திடத் தகடு போடுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் இறுக்கி, மறுநாள் ஒருதரம் பாருங்கள். பெற்றோல் படும் இடத்துக்கு நியோபிரீன் வேண்டவே வேண்டாம், ஊதிவிடும். அங்கும் டீசல் லைனிலும் நைட்ரைல் றப்பர்தான்.

கடையில் கறுப்பாக இருப்பதையெல்லாம் நியோபிரீன் என்று தருகிறார்கள். செப்புக் கம்பியைச் சுவாலையின் பச்சை மறையும்வரை நெருப்பில் சூடாக்கி, றப்பரில் தொட்டு மறுபடி நெருப்பில் பிடியுங்கள். பச்சைச் சுவாலை வராவிட்டால் நியோபிரீன் இல்லை. வந்தாலும் பிவிசி கலந்த நுரையாக இருக்கலாம். வெளியில் வைத்தே செய்யுங்கள், புகை கெடுதல்.

வெயிலையும் அமுங்கலையும் மட்டும் பார்த்தால் ஈபிடிஎம் என்ற வேறு செயற்கை றப்பர் இதைவிட நல்லது. ஆனால் டெக்கில் சிந்தும் டீசலில் அது ஊதிப் பழுதாகும். அதனால் அதுவும் சரிவராது. கிளிப்பைத் தளர்த்தி வைக்கப் பொறுமையில்லாத படகுக்கு நியோபிரீனைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் படகுக்குச் சொல்ல வேறு பட்டி எனக்குத் தெரியவில்லை என்பதுதான் எரிச்சல்.