14 மாதம் முதுகில் சுமந்த வெஸ்ட்டும் அதன் ஒழுகும் வாயும்

நான் 7,400 ரூபாய் கொடுத்து வாங்கிய ஹைட்ரேஷன் வெஸ்ட், அதாவது ஓடும்போது தண்ணீரையும் சாமான்களையும் சுமக்க உடம்போடு மாட்டிக்கொள்ளும் பை, இப்போது 4,900க்கு வந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். முந்தாநாள் ராத்திரி அரூர் நண்பன் அதன் படத்தை அனுப்பி, “மச்சான், இது நீ மாட்டிக்கிட்டு ஓடறதுதானே? வாங்கட்டுமா?” என்று கேட்டான். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இது.

எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். பிராண்ட் பெயரும் வேண்டாம். திட்டப்போகிறேன்.

எதற்காக வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினுக்குச் சொந்தமான மெனோர்கா தீவு மத்தியதரைக் கடலில் இருக்கிறது. அந்தக் காலத்தில் குதிரையில் ஏறிக் கரையைக் காவல் காத்த பாதை ஒன்று தீவைச் சுற்றிப் போகிறது. கமி தே கவால்ஸ், அதாவது குதிரைப் பாதை என்று பெயர். முழுச் சுற்று 185 கி.மீ. அதை ஒரே மூச்சில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அந்தப் பாதையில் நடக்கும் போட்டியில் தெற்குக் கரையை மட்டும் ஓடும் பிரிவுக்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். தீவின் உயரமான மலையே 358 மீட்டர்தான் என்று படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம்தான் புரிந்தது: ஒவ்வொரு சிறு குடாவுக்கும் இறங்கி, மணலில் கால் புதைந்து, மறுபடி பாறையில் ஏற வேண்டும். நாள் முழுக்க இதே வேலை.

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு கடலோர ஓட்டத்துக்குத் தயாராவது கொஞ்சம் கோமாளித்தனம்தான். எங்கள் பக்கம் அலை நுரை பார்க்க வேண்டுமென்றால் கெலவரப்பள்ளி அணைக்குத்தான் போக வேண்டும். அது பெங்களூரின் கழிவுநீர் தந்த நுரை. மணலுக்குத் தென்பெண்ணையின் வறண்ட படுகை, ஏற்ற இறக்கத்துக்குச் சையத் பாஷா மலைக்கோட்டைப் படிகள், மாதம் ஒருமுறை வத்தல்மலை. கடற்காற்றுக்குப் பதில் ஆடிக் காற்று. அஞ்செட்டிப் பக்கம் காட்டுக்குள் ஓட ஆசைதான், ஆனால் அது யானை நடமாடும் இடம், அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது.

இப்படி 14 மாதத்தில் சுமார் 1,900 கி.மீ. ஓடியிருக்கிறேன். இந்த வெஸ்ட் இல்லாமல் ஓடியது அதில் பாதி கூட இருக்காது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. இது ஆடாது. கோட்டைப் படியில் தடதடவென்று இறங்கும்போதும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு முன்னால் வைத்திருந்த மலிவான பை, பள்ளிக்கூடப் பிள்ளையின் புத்தகப் பை மாதிரி முதுகில் குதிக்கும். வீட்டுக்கு வந்தால் தோள்பட்டையில் தோல் உரிந்திருக்கும். இதில் ஒரு நாள்கூட உரியவில்லை. இந்த மாதிரி நீண்ட போட்டிகளில் தலைவிளக்கு, அவசரப் போர்வை, விசில், மழைக்கோட்டு எல்லாம் கையோடு வைத்திருக்கச் சொல்வார்கள். அத்தனையும் பின்பக்கம் அடங்கிவிடுகிறது. கூடவே ஒரு டஜன் கடலை உருண்டை. மாம்பழ சீசனில் தோப்பு வழியே ஓடித் திரும்பும்போது நான்கு பெங்களூராவை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், ஒன்றும் நசுங்கவில்லை.

இனி ஃபிளாஸ்க்.

மார்புப் பக்கம் இரண்டு, ஒவ்வொன்றும் 500 மி.லி. மெத்தென்ற பிளாஸ்டிக். மேலே கடித்து உறிஞ்சும் ஒரு ரப்பர் முனை. அதில் கத்தியால் கீறியது போல் ஒரு பிளவு இருக்கும். கடித்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மூடிக்கொள்ள வேண்டும்! மூன்றாவது மாதத்திலிருந்து என்னுடையது மூடுவதில்லை. ஓட ஓட ஒவ்வொரு சொட்டாக மார்பில் விழுகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டினால் சட்டையின் இடப்பக்கம் நனைந்திருக்கும். வழியில் டீக்கடைக்காரர் ஒருவர், “என்ன சார், ஒரு பக்கம் மட்டும் வேர்க்குது?” என்று கேட்டே விட்டார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எங்கள் வீட்டு போர் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் கால்சியம், மக்னீசியம் உப்பு, முனை காய்ந்ததும் அந்தப் பிளவின் உதட்டிலும் பொடிப்பொடியாகப் படிந்துவிடுகிறது. பிறகு எப்படி மூடும்? (இந்த மாவட்டங்களில் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு வேறு கதை. அது கண்ணுக்கே தெரியாது.) ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை நிரப்பிய வாரங்களில் ஒழுகல் பாதியாகக் குறைந்தது, அதில்தான் பிடிபட்டது.

முதலில் புளித்தண்ணீரில் ஊறவைத்தேன். கறை போனது, ஒரு வாரம் ரசம் குடித்துக்கொண்டே ஓடினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் எலுமிச்சைச் சாறும் வெந்நீரும், அரை மணி நேரம். சரியாகிறது, வியாழக்கிழமை மறுபடி சொட்டுகிறது. கம்பெனிக்கு எழுதினேன். “சுத்தமான நீரைப் பயன்படுத்தவும்” என்று பதில் வந்தது. நாங்கள் என்ன சாக்கடையையா நிரப்புகிறோம்? தெற்கு மெனோர்கா முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதன் வழியே இறங்கிய தண்ணீர் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கேட்டாலே சொல்லும்.

சரி, என் தப்பும் ஒன்று உண்டு. கேழ்வரகுக் கூழை மோரில் நீர்க்கக் கரைத்து ஒரு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். ஆறாவது கிலோமீட்டரில் முனை அடைத்தது. பலம் கொண்டு அமுக்கினேன். மூடி தெறித்து, கூழ் முகத்தில் அடித்தது. இதற்கு நான் கம்பெனியைக் குறை சொல்லவில்லை.

குறை சொல்ல வேறு இருக்கிறது. காலியான ஃபிளாஸ்க்கை நிரப்பித் திரும்பப் பாக்கெட்டுக்குள் திணித்துப் பாருங்கள். வெஸ்ட் வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டியிருக்கும், கையும் ஈரம். ஈரத் தலையணைக்கு உறை போடுகிற மாதிரி. வீட்டு வாசலிலேயே எனக்கு ஒன்றரை நிமிடம் ஆகிறது. ஒரு சித்திரைக் காலையில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் 600 மி.லி. குடித்தும் 1.3 கிலோ குறைந்திருந்தது. அதாவது மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வியர்வை. அந்த வெயிலில் இரண்டு ஃபிளாஸ்க்கும் ஒரு மணி நேரத்துக்குத்தான் ஈடு. நாள் முழுக்க ஓடும் போட்டியில் இந்த உறை போடும் வேலையை எத்தனை தடவை செய்வது?

போன மாதம் மார்பு வாரின் தையல் விட்டுப்போனது. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கத்தில் பை, ஜிப் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். “தம்பி, இது துணியா, கொசுவலையா? இதுக்கா ஏழாயிரம் குடுத்த?” என்றார். ஆனால் இரட்டைத் தையல் போட்டு, உள்ளே ஒரு பட்டையும் வைத்துக் கொடுத்தார். 40 ரூபாய். கம்பெனித் தையலைவிட உறுதியாக இருக்கிறது. ஃபிளாஸ்க் முனையையும் காட்டினேன். “இது நம்ம வேலை இல்லப்பா” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

நண்பனுக்கு நேற்று காலை பதில் போட்டேன்: வாங்காதே. தண்ணீர் தூக்கத்தான் இந்தச் சாமான், அந்த ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்யவில்லை.

உடனே கேட்டான்: “அப்ப உன்னோடதை எனக்குக் குடுத்துடு. 2,000 தர்றேன்.”

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சிரிப்புப் பொம்மையாக எட்டு அனுப்பினான். நேற்று இரவு 4,900க்கு நானே இன்னொன்று கூடையில் போட்டு வைத்தேன். ஃபிளாஸ்க் இல்லாமல் வெஸ்ட் மட்டும் தருவார்களா என்று தேடிப் பார்த்தேன். தர மாட்டார்களாம்.